முத்துக் கடலைக் கடந்த பயணி இப்னு பதூதா

நாடு பிடிப்பதற்காக வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள் வரலாற்றிலே பலர். பொருள் தேடிப் புறப்பட்டவர்கள் அவர்களிலும் அதிகம். ஹஜ் கடமையை முடித்துத் திரும்புவோம் என்று புறப்பட்டு, 24 ஆண்டுகள் கழித்துத் தாய்நாடு திரும்பிய ஒருவரும் அந்த வரலாற்றில் இருக்கிறார். அவர்தான் இப்னு பதூதா. உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கும் எங்களுக்கு அவர் பெயர் புதிதல்ல. ஆனால் அவர் எங்கள் கடலிலே பயணம் செய்தவர், எங்கள் வளைகுடாவின் முத்தைக் கையில் வாங்கியவர், எங்கள் பனம்பழத்தையும் சுவைத்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு பதூதா 1304 பெப்ரவரியில் மொரோக்கோ நாட்டின் தஞ்ஜியர் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் மாலிக் மத்ஹபைச் சார்ந்த சட்ட அறிஞர்களின் குடும்பம். காழிகள் பலர் தோன்றிய அந்த வீட்டில் அவருக்கும் மார்க்கச் சட்டமே கல்வியாயிற்று. பிற்காலத்தில் எந்த நாட்டுக்குப் போனாலும் அவருக்குச் சோறு போட்டது இந்தக் கல்விதான்.

1325 ஜூன் மாதம், 21 வயதில், பெற்றோரைப் பிரிந்து தனியாக மக்கா நோக்கிப் புறப்பட்டார். வழித்துணையும் இல்லை, சேர்ந்து செல்லக் கூட்டமும் இல்லை. வழியில் காய்ச்சல் கண்டது. விழுந்துவிடாமல் இருக்கத் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். தூனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் எதிர்கொண்டு வந்து, உடன் வந்தவர்களுக்கெல்லாம் ஸலாம் சொன்னார்கள். இவரை அறிந்தவர் எவரும் இல்லாததால் இவருக்கு ஸலாம் சொல்லவும் யாரும் இல்லை. இளைஞர் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஒரு ஹாஜி அருகே வந்து ஸலாம் கூறிப் பேச்சுக் கொடுத்து, நகருக்குள் நுழையும் வரை துணையாக வந்தார். உலகம் சுற்றிய பெரும் பயணி என்று நாம் கொண்டாடும் மனிதர், ஒரு ஸலாமுக்காக ஏங்கி அழுத பிள்ளையாகத்தான் பயணத்தைத் தொடங்கினார்.

அலெக்சாந்திரியாவில் அவர் சந்தித்த ஓர் இறைநேசர், இந்தியாவிலும் சிந்துவிலும் சீனாவிலும் உள்ள தம் சகோதரர்களைக் கண்டு தம் ஸலாத்தைச் சேர்ப்பிக்குமாறு சொன்னார். அவ்வளவு தூரம் போகும் எண்ணம் அதுவரை அவருக்கு இருக்கவில்லை. 1326இல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். அதன்பின் ஈராக், பாரசீகம், யெமன், கிழக்கு ஆபிரிக்கக் கரை, துருக்கி, மத்திய ஆசியா என்று கால்கள் ஓயவில்லை. சென்ற வழியில் இயன்றவரை மீண்டும் செல்வதில்லை என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதி.

பின்னர் தில்லியை அடைந்தார். சுல்தான் முஹம்மத் பின் துக்ளக் அவரைக் காழியாக நியமித்தார். அள்ளிக் கொடுப்பதில் வல்ல அந்த சுல்தான் தண்டிப்பதிலும் அதே வேகம் உடையவர். ஒருமுறை அரசரின் சந்தேகத்துக்கு ஆளாகி, உயிர் தப்பியதே பெரிது என்றாகிவிட்டது. ஆயினும் 1341இல் அதே சுல்தான் அவரைச் சீனப் பேரரசரிடம் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டையில் பரிசுப் பொருட்கள் ஏற்றிய கப்பல் புயலில் உடைந்தது. ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கியிருந்த இப்னு பதூதா பிழைத்துக்கொண்டார். வெறுங்கையோடு தில்லிக்குத் திரும்பினால் தலை மிஞ்சுமோ என்ற பயம் இருந்தது. அதனால் சிறிது காலம் மலபார்க் கரையில் அலைந்தபின் மாலைதீவுக்குக் கப்பலேறினார்.

மாலைதீவை அப்போது ஆண்டவர் கதீஜா என்னும் அரசி. ஒரு பெண் அரியணையில் இருப்பதை இப்னு பதூதா வியப்போடு குறித்திருக்கிறார். அங்கும் காழிப் பதவி கிடைத்தது. கண்டிப்பான தீர்ப்புகளால் சிலருடைய பகையும் கிடைத்தது. முதலமைச்சரோடு முரண்பாடு முற்றவே 1344 ஓகஸ்டில் அங்கிருந்து கிளம்பினார்.

அவர் போக நினைத்தது மஃபர் என்று அரபிகள் அழைத்த தமிழகத்தின் கிழக்குக் கரைக்கு. மூன்று நாளில் முடியவேண்டிய கடல்வழி. காற்று வேறு திசைக்கு இழுத்ததால் ஒன்பதாம் நாள் இலங்கைதான் கண்ணில் பட்டது. நடுக்கடலிலிருந்து முதலில் தெரிந்தது மலையின் உச்சி. புகைத்தூண் ஒன்று வானத்தில் நிற்பதுபோல அவருக்குத் தோன்றியதாம். ஸரன்தீப் என்று அரபிகள் அழைத்த நாட்டின் பாவா ஆதம் மலை அது.

கரையிறங்க மாலுமிகள் அஞ்சினர். அந்தத் துறை ஆரியச்சக்கரவர்த்தி என்னும் தமிழ் மன்னருக்கு உரியது. அவருடைய கப்பல்கள் கடலில் கொள்ளையிடும் என்று பெயர் எடுத்திருந்தன. யாழ்ப்பாணத்தை ஆண்ட அந்த அரசர்களின் கை அன்று முத்துக்கரை முழுவதிலும் ஓங்கியிருந்தது. இப்னு பதூதா தாம் மஃபர் சுல்தானின் உறவினர் என்று சொல்லி அனுப்பினார். அரசர் அவரை வரவேற்றுப் பத்தாலா என்ற நகரில் மூன்று நாள் விருந்தோம்பினார். மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் கொண்ட அந்தச் சிறு நகரம் இன்றைய புத்தளம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கரையெங்கும் ஆறுகள் அடித்துவந்த கறுவாப் பட்டை மரங்கள் குவிந்து கிடந்ததையும், மலபார்க்காரரும் மஃபர்க்காரரும் துணி கொடுத்து அவற்றைப் பெற்றுச் சென்றதையும் அவர் கண்டார்.

ஒரு நாள் அவர் அரசவைக்குச் சென்றபோது, முத்துச் சிலாபத்திலிருந்து வந்த முத்துகள் அரசர் முன் குவிந்திருந்தன. நல்லதையும் கழிவையும் ஊழியர்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாரசீக மொழி விளங்கிய அந்த மன்னர், பாரசீகக் குடாவின் தீவுகளில் இதற்கு ஈடான முத்து உண்டா என்று விருந்தாளியிடம் கேட்டார். இவற்றைவிடத் தரம் குறைந்தவற்றையே அங்கு கண்டேன் என்று இவர் பதில் சொன்னார். மகிழ்ந்த அரசர் அந்த முத்துகளை அவருக்கே கொடுத்து, வேண்டியதை வெட்கப்படாமல் கேட்கச் சொன்னார்.

வாசகர்களே, அந்த முத்து எங்கே விளைந்தது? மன்னார் வளைகுடாவில் அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் எதிரே கடலடியில் கிடக்கும் முத்துப்பார்கள் பண்டைக்காலம் முதல் உலகப்புகழ் பெற்றவை. கல்லைக் காலில் கட்டி, மூச்சை அடக்கி, எங்கள் கரையோரத்து மக்களும் அக்கரையிலிருந்து வந்தவர்களும் குளித்தெடுத்த சிப்பிகள்தாம் அரசர்களின் கருவூலங்களை நிரப்பின. 1907க்குப் பின் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. இன்று அரிப்பிலே கடலரிப்பில் இடிந்து நிற்கும் ஆங்கிலத் தேசாதிபதியின் மாளிகை ஒன்றுதான், முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆட்சியாளர்கள் வந்து தங்கிய காலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வேண்டியதைக் கேட்கலாம் என்று ஓர் அரசர் சொல்லும்போது மனிதன் என்ன கேட்பான்? இப்னு பதூதா பொன் கேட்கவில்லை. நபி ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு என்று முஸ்லிம்கள் நம்பும் சுவட்டைத் தரிசிக்க வழி செய்துதருமாறு கேட்டார். அரசர் பல்லக்கும், அதைச் சுமப்போரும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் 4 பேரும், பிராமணர் 3 பேரும், வேறு 10 பேரும், உணவு சுமக்க 15 பேரும் கொடுத்தார். மொரோக்கோ நாட்டு முஸ்லிம் ஒருவர், தமிழ் இந்து மன்னர் கொடுத்த துணையோடு, யோகியரும் பிராமணரும் வழிகாட்ட, சிங்கள மன்னரின் நாட்டுக்குள் நடந்து போனார். இந்த ஒரு காட்சிக்காகவே அவருடைய வரலாற்றை நாம் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆற்றை மூங்கில் தெப்பத்தில் கடந்து அவர்கள் முதலில் சேர்ந்த ஊருக்கு மன்னார் மண்டலி என்று அவர் பெயர் கூறுகிறார். பெயரைப் பார்த்தவுடன் இது எங்கள் ஊர் என்று நானும் துள்ளிக் குதிக்கத்தான் பார்த்தேன். ஆனால் அவர் போன வழி தெற்கு நோக்கியது. அடுத்து வருவது சிலாபம். ஆகவே அது புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊராகத்தான் இருக்கமுடியும். அங்கே காட்டில் பிடித்த எருமைக்கன்றின் இறைச்சி, சோறு, நெய், மீன், கோழி, பால் என்று விருந்து கிடைத்தது. அந்த ஊரில் இருந்த ஒரே முஸ்லிம், நோயினால் பயணம் தடைப்பட்ட ஒரு குராஸான் நாட்டவர். அவரையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

சிலாபத்துக்கு அப்பால் நீர்நிலைகளும் கரடுமுரடான காடும் நிறைந்த நாடு. எங்கும் யானைகள். ஷீராஸ் நகரத்து ஷெய்க் அபூ அப்துல்லாஹ் என்னும் பெரியார் முற்காலத்தில் இவ்வழியே வந்தபோது, அவர் தடுத்தும் கேளாமல் உடன் வந்தோர் பசியால் ஒரு யானைக்குட்டியைக் கொன்று தின்றார்கள். இரவில் வந்த யானைகள் தின்றவர்களைக் கொன்றுவிட்டு, தின்னாத ஷெய்கை மட்டும் முதுகில் தூக்கிச் சென்று மனிதர் வாழும் இடத்தில் இறக்கிவிட்டன. அன்றிலிருந்து அந்நாட்டு மக்கள் முஸ்லிம்களை மதித்து வீட்டில் ஏற்று உணவளிக்கிறார்கள் என்று தாம் கேட்ட கதையை இப்னு பதூதா பதிந்துள்ளார். கதையை அப்படியே நம்பினாலும் நம்பாவிட்டாலும், வந்தவரை வீட்டில் ஏற்ற மக்கள் இருந்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

சிங்கள மன்னரின் தலைநகருக்கு வெளியே, ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் இருந்தது. மன்னரும் மக்களும் அதற்கு மரியாதை செய்தார்கள். மாணிக்கக் கற்கள் அந்நாட்டில் மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. பெண்கள் பலநிற மாணிக்கங்களைக் கழுத்திலும் கையிலும் காலிலும் அணிந்திருந்தார்கள். மன்னரின் வெள்ளை யானையின் நெற்றியில் கோழிமுட்டையிலும் பெரிய ஏழு மாணிக்கங்கள் இருந்தனவாம்.

மலைக்காட்டில் கறுத்த நிறமும் நீண்ட வாலும் கொண்ட குரங்குகள் கூட்டங்கூட்டமாகத் திரிந்தன. ஆண்குரங்குகளுக்கு மனிதரைப்போலத் தாடி இருந்ததாக எழுதுகிறார். மழைக்காட்டு அட்டைகளையும் அவர் மறக்கவில்லை. புல்லிலும் மரத்திலும் இருந்து அவை மனிதன்மேல் தாவும். பயணிகள் எலுமிச்சம்பழம் கொண்டுபோய், கடித்த அட்டையின்மேல் சாற்றைப் பிழிவார்கள். அது விழுந்ததும் அந்த இடத்தை மரக்கத்தியால் சுரண்டுவார்கள். எலுமிச்சையும் உப்பும் எடுத்துக்கொண்டு மழைக்காட்டுக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உச்சிக்குச் செல்ல இரு வழிகள் இருந்தன. ஒன்று பாவா வழி, மற்றது மாமா வழி. அதாவது நபி ஆதமின் வழியும் அன்னை ஹவ்வாவின் வழியும். மாமா வழி எளிது. அவ்வழியே ஏறியவரை மலையேறியவராகவே யாரும் கணக்கெடுப்பதில்லை. இப்னு பதூதா கடினமான பாவா வழியால் ஏறி மாமா வழியால் இறங்கினார். செங்குத்தான பாறையில் பத்துச் சங்கிலிகள் பதிக்கப்பட்டிருந்தன. பத்தாவதன் பெயர் ஷஹாதாச் சங்கிலி. அங்கிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் தாமாகவே கலிமா சொல்லிவிடுவாராம்.

கரும்பாறையில் குழிந்திருந்த பாதச்சுவட்டின் நீளம் 11 சாண் என்று அவர் கூறுகிறார். அருகே பாறையில் வெட்டிய ஒன்பது குழிகளில் யாத்திரிகர்கள் பொன்னும் மணியும் முத்தும் இடுவார்கள். கீழே கிள்ரு குகையை அடைந்த ஏழைகள் அவற்றை எடுக்க ஒருவரையொருவர் முந்தி ஓடுவார்கள். இவருடைய கூட்டம் போனபோது சில கற்களும் சிறிது பொன்னுமே எஞ்சியிருந்தன. அவற்றை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். வழக்கப்படி மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் சுவட்டைக் கண்டார்கள். 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலையை பௌத்தர் சிறீபாத என்றும், இந்துக்கள் சிவனொளிபாதம் என்றும், நாம் பாவா ஆதம் மலை என்றும் அழைக்கிறோம். எந்தப் பெயரைச் சொல்லி ஏறினாலும் கால் நோவது எல்லோருக்கும் ஒன்றுதான்.

தேவேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாக அவர் மீண்டும் புத்தளம் வந்தபோது, கப்பல் தலைவர் இப்ராஹீம் சொன்ன சொல் தவறாமல் காத்திருந்தார். மஃபரை நோக்கிக் கப்பல் புறப்பட்டது. அக்கரை சேர்வதற்குள் காற்று சீறியது. வழி அறிந்த மாலுமி இல்லை. பாறைகளுக்கு அருகே போய்த் தப்பிய கப்பல் ஆழமில்லாத நீரில் தரைதட்டியது. இந்தக் கடலின் இயல்பு அது. ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகளை அறிந்த எங்கள் மீனவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. பாய்மரத்தை வெட்டி எறிந்து தெப்பம் கட்டினார்கள். இப்னு பதூதா தம்மோடு வந்த தோழர் இருவரையும் அடிமைப் பெண்ணொருத்தியையும் தெப்பத்தில் இறங்கச் சொன்னார். இன்னொரு பெண், தனக்கு நீந்தத் தெரியும் என்று கூறித் தெப்பத்தின் கயிற்றைப் பிடித்தபடி கடலில் இறங்கினாள். அவரோ கப்பலின் பின்பகுதியில் இரவெல்லாம் விழித்திருந்தார். விடிந்ததும் கரையில் வாழ்ந்த மக்கள் வள்ளத்தில் வந்து காப்பாற்றினார்கள்.

அம்மக்கள் அவருக்கு நல்ல மீனும், கொம்மட்டிப்பழம்போன்ற ஒரு பழமும் கொடுத்தார்கள். பஞ்சுபோன்ற நாருக்குள் தேன்போன்ற சாறு இருந்தது என்றும், அதிலிருந்து சர்க்கரைபோன்ற இனிப்புச் செய்கிறார்கள் என்றும் அவர் வர்ணிப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பனம்பழத்தைச் சூப்பிய யாருக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை.

மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் அவருக்கு மனைவி வழியில் உறவினர். ஆயினும் அந்த சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொடுமையாகக் கொன்றதை இப்னு பதூதா மறைக்கவில்லை. அது அருவருப்பான செயல் என்று பதிந்துவைத்தார். உறவினர் என்பதற்காகவோ முஸ்லிம் என்பதற்காகவோ அநியாயத்தை நியாயம் என்று எழுதாத அந்த நேர்மை, அவருடைய நூலின் மதிப்பை உயர்த்துகிறது.

மேற்குக் கரையில் கடற்கொள்ளையரின் பன்னிரண்டு கப்பல்கள் அவரை வளைத்துக்கொண்டன. இலங்கை மன்னர் கொடுத்த முத்தும் மணியும், சேர்த்த பொருளும், உடையும் யாவும் போயின. காற்சட்டை ஒன்றுதான் மிஞ்சியது. முன்பு புகாரா நகரில் எழுதிவைத்திருந்த குறிப்புகளும் இந்துக் கடலில் நேர்ந்த கொள்ளையில் பறிபோனதாகக் கூறுகிறார். அந்த நிலையிலும் அவர் நிற்கவில்லை. வங்காளம், சுமாத்திரா, சீனா எல்லாம் கண்டு, 1349இல் மொரோக்கோ திரும்பினார். தந்தை பல ஆண்டுகளுக்கு முன்பே காலமானதை டமஸ்கஸில் அறிந்திருந்தார். ஊரை நெருங்கும்போது, தாயும் கொள்ளைநோயில் மரணித்துவிட்ட செய்தி வந்தது. 24 ஆண்டுகள் உலகைச் சுற்றியவருக்கு வாசலில் காத்திருக்க ஒருவரும் இல்லை.

பின்னர் ஸ்பெயினுக்கும் மாலிக்கும் போய் வந்தார். மொரோக்கோ சுல்தானின் கட்டளைப்படி தம் நினைவிலிருந்த யாவற்றையும் சொல்ல, இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதினார். 1355 டிசெம்பரில் நூல் நிறைவுற்றது. றிஹ்லா என்று நாம் அழைப்பது அதுவே. எழுதியவர் அலங்காரங்கள் சேர்த்திருக்கலாம், சொன்னவர் இடங்களையும் காலங்களையும் முன்பின்னாக மாற்றியிருக்கலாம். எனினும் 14ஆம் நூற்றாண்டின் இலங்கையை நேரில் கண்டு கூறியவர் என்ற வகையில் அவருக்கு நிகர் மிகச் சிலரே. 1368 அளவில் அவர் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார்.

அவரைப் படிக்கும்போது எனக்கு என் உம்மம்மாவின் நினைவு வருகிறது. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, கைக்குழந்தையோடும் ஒரு துணிமூட்டையோடும் இதே கடலில் வள்ளமேறி, கற்பிட்டிக் கரையில் இறங்கியவர் அவர். அன்று புத்தளத்து மக்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் வீட்டையும் திறந்துவிட்டார்கள். காணி உறுதியும் நகையும் கைவிட்டுப் போயின. ஆனால் ஊரில் எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்தப் பனையடியில் யார் வீடு, எந்த மாதத்தில் எந்த மீன் என்பதெல்லாம் அவர் நினைவில் அப்படியே இருக்கிறது. மீண்டும் ஊர் வந்து குடியேறியபோது எங்கள் காணியின் எல்லையை உறுதிப்பத்திரம் இல்லாமல் காட்டித்தந்தது அந்த நினைவுதான். கொள்ளையர் எடுக்கமுடியாத பொருள் ஒன்று மனிதனிடம் உண்டு என்பதை இப்னு பதூதாவும் உம்மம்மாவும் எனக்கு ஒரே பாடமாகச் சொல்லித்தந்தார்கள்.

ஒரு குறை மட்டும் என் மனதில் நிற்கிறது. ஷெய்குகளின் பெயர், மன்னர்களின் பெயர், கப்பல் தலைவரின் பெயர் யாவும் நூலில் உள்ளன. எங்கள் வளைகுடாவில் இரவிலே கயிற்றைப் பிடித்து நீந்திய பெண்ணின் பெயர் இல்லை. அவள் எந்த நாட்டவள், எங்கே நீந்தக் கற்றாள், அந்த இரவில் என்ன நினைத்தாள் என்பதெல்லாம் நமக்குத் தெரியப்போவதில்லை. அவளும் பயணம் செய்தவள்தான். அவள் சொன்னதைக் கேட்டு எழுத ஓர் இப்னு ஜுஸை இருக்கவில்லை.

சகோதரிகளே, நம் வீடுகளில் கடல் கடந்த உம்மம்மாக்கள், வாப்பும்மாக்கள் பலர் இருக்கிறார்கள். கொப்பி ஒன்றை எடுத்து அவர்களின் அருகே உட்காருவோம். அவர்கள் சொல்வதைப் பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் எழுதிவைப்போம். பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது பழைய கதை எதற்கு என்று தள்ளிவிடாமல் சொல்லிக்கொடுங்கள். ஸரன்தீபைப் பற்றி 1355இல் ஒருவர் சொல்ல ஒருவர் எழுதியதால்தான், 1344இல் இந்தக் கடலில் வீசிய காற்றை இன்று நாம் அறிகிறோம்.